வெயில் கூடினால் விமானம் மேலே ஏறாதா? லே விமான நிலையத்தில் நடந்தது என்ன? எளிய விளக்கம்

2024 ஜூலை மாதக் கடைசி. லடாக்கில் உள்ள லே விமான நிலையத்தில் அடுத்தடுத்து விமானங்கள் ரத்து செய்யப்பட்டன. ஒரு நாள் மட்டுமல்ல, தொடர்ந்து சில நாட்கள் இதே நிலைதான்.

பனிப்புயல் இல்லை. மழை இல்லை. மூடுபனி இல்லை. விமானங்களில் தொழில்நுட்பக் கோளாறும் இல்லை. ஏர்லைன்ஸ் நிறுவனங்கள் சொன்ன முக்கியக் காரணம்: வெயில்.

சுற்றுலா முடித்து ஊர் திரும்பக் காத்திருந்தவர்களுக்கு இது புரியாத புதிர். டெல்லியில் 44 டிகிரி வெயிலிலும் விமானங்கள் பறக்கின்றன. லேவில் 35 டிகிரியை நெருங்கினாலே ஏன் பறக்க முடியவில்லை?

ஒரு விமானம் எதனால் மேலே ஏறுகிறது என்பதைப் புரிந்துகொண்டால் இந்தக் கேள்விக்கான பதில் கிடைத்துவிடும். நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கும் காரணம் உண்மையில் சரியான காரணம் அல்ல.

இன்ஜின்தான் விமானத்தைத் தூக்குகிறதா?

இல்லை. ஒரு உதாரணம் பார்ப்போம். நம் நாட்டில் அதிகம் பறக்கும் ஏர்பஸ் ஏ320 நியோ விமானத்தின் அதிகபட்ச டேக் ஆஃப் எடை சுமார் 79 டன். அதன் இரண்டு இன்ஜின்களும் சேர்ந்து முழு வேகத்தில் கொடுக்கும் உந்துவிசை, அதாவது த்ரஸ்ட், சுமார் 24 டன் எடைக்குச் சமம். எடையில் மூன்றில் ஒரு பங்கு கூட இல்லை.

24 டன் விசையால் 79 டன்னை நேராக மேலே தூக்க முடியாது. அந்த எடையைத் தாங்குவது இறக்கைகள். இன்ஜினின் வேலை விமானத்தை முன்னோக்கித் தள்ளுவது மட்டும்தான். அப்படித் தள்ளும்போது இறக்கையின் மீது காற்று வேகமாகப் பாய்ந்து தூக்குவிசை உருவாகிறது.

சரி, அப்போ மேலே ஏறும்போது இறக்கையின் தூக்குவிசை அதிகமாகுமா? இதற்கும் இல்லை என்பதுதான் பதில். சீராக மேலேறிக்கொண்டிருக்கும் விமானத்தில், தூக்குவிசை விமானத்தின் எடையைவிடக் கொஞ்சம் குறைவாகத்தான் இருக்கும். அந்தக் குறைவை ஈடுகட்டுவது இன்ஜினின் உந்துவிசை.

மேம்பாலத்தில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போவதை நினைத்துப் பாருங்கள். சமதளத்தில் எளிதாகப் போகும் சைக்கிள், பாலத்தில் ஏறும்போது பின்னோக்கி இழுக்கும். எடையின் ஒரு பகுதி சரிவின் வழியே உங்களை எதிர்க்கிறது. சைக்கிளைத் தரை தாங்குகிறது, ஆனால் ஏற்றத்தில் தள்ளுவதற்கான பலம் உங்களிடமிருந்துதான் வரவேண்டும். விமானத்துக்கும் இதே கதைதான். இறக்கை தாங்கும், இன்ஜின் தள்ளும்.

எவ்வளவு செங்குத்தாக ஏற முடியும் என்பதைத் தீர்மானிப்பது அந்தத் தள்ளும் பலம்தான். அதிலும் முழு பலம் அல்ல, மிச்சமிருக்கும் பலம்.

'மிச்சம்' என்றால் என்ன?

இதை வீட்டுக் கணக்கு போலப் பார்க்கலாம்.

மாதச் சம்பளம் 20 ஆயிரம் ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். வாடகை, அரிசி, பருப்பு, கரண்ட் பில் எல்லாம் சேர்த்துக் கட்டாயச் செலவு 6 ஆயிரம். மிச்சம் 14 ஆயிரம். புதிதாக ஏதாவது வாங்க வேண்டுமென்றால் இந்த 14 ஆயிரத்தில்தான் வாங்க முடியும்.

விமானத்தில் சம்பளம் என்பது இன்ஜின் கொடுக்கும் உந்துவிசை. கட்டாயச் செலவு என்பது காற்றுத்தடை. ஒரே உயரத்தில், ஒரே வேகத்தில் பறப்பதற்கே இந்தத் தடைக்குச் சமமான உந்துவிசை செலவாகிவிடும். அதுபோக மிஞ்சுவதை வைத்துத்தான் விமானம் ஏறுகிறது.

உருண்டையான எண்களில் ஒரு கணக்கு. விமானத்தின் எடை 70 டன். டேக் ஆஃப் ஆன பிறகு இரண்டு இன்ஜின்களும் சேர்ந்து 20 டன் உந்துவிசை கொடுக்கின்றன. காற்றுத்தடை 6 டன். மிச்சம் 14 டன்.

இந்த 14-ஐ எடையான 70-ஆல் வகுத்தால் 0.2, அதாவது 20 சதவீதம். 100 மீட்டர் முன்னே போவதற்குள் விமானம் சுமார் 20 மீட்டர் மேலே ஏறிவிடும். ஜன்னல் சீட்டில் உட்கார்ந்திருப்பவர்களுக்கு ஊர் சட்டென்று சின்னதாகிப்போவது இதனால்தான்.

ஏறும் கோணத்துக்கான கணக்கு இவ்வளவுதான். உந்துவிசையில் காற்றுத்தடையைக் கழித்து, வருவதை எடையால் வகுக்க வேண்டும்.

ஒரு இன்ஜின் நின்றால் பாதி பலம் இருக்கும்தானே?

இங்கதான் பலரும் ஏமாந்துபோகும் இடம்.

மேலே சொன்ன குடும்பத்தில் சம்பளம் 20 ஆயிரத்திலிருந்து 10 ஆயிரமாகக் குறைகிறது. பாதிதான் போனது. ஆனால் வாடகையும் அரிசியும் குறையாது. செலவு அதே 6 ஆயிரம். மிச்சம் 14 ஆயிரத்திலிருந்து 4 ஆயிரம் ஆகிவிட்டது. சம்பளம் 50 சதவீதம் குறைந்தால், சேமிப்பு 70 சதவீதத்துக்கு மேல் காலி.

இரண்டு இன்ஜின் விமானத்தில் ஒன்று நின்றுபோனாலும் இதே நிலைதான். உந்துவிசை 10 டன். தடை 6 டன். உண்மையில் நின்றுபோன இன்ஜினும் காற்றை எதிர்க்கும் என்பதால் தடை கொஞ்சம் கூடவே செய்யும். அதை விட்டுவிட்டாலும் மிச்சம் 4 டன்தான். 4-ஐ 70-ஆல் வகுத்தால் சுமார் 5.7 சதவீதம். 20 சதவீதக் கோணத்தில் ஏறிய விமானம், இப்போது 6 சதவீதத்துக்கும் குறைவான கோணத்தில் ஏறுகிறது.

பயப்பட வேண்டாம். இது எதிர்பார்க்காத ஒன்றல்ல. பயணிகள் விமானங்களுக்கான சர்வதேச விதிகளே இந்தச் சூழலை மனதில் வைத்துத்தான் எழுதப்பட்டிருக்கின்றன. டேக் ஆஃப் ஆகும் மிக மோசமான நொடியில் ஒரு இன்ஜின் நின்றுபோனாலும், சக்கரங்களை உள்ளே இழுத்த பிறகு இரண்டு இன்ஜின் விமானம் குறைந்தது 2.4 சதவீதக் கோணத்தில் ஏறியாக வேண்டும். ஒரு கிலோமீட்டர் தூரத்துக்கு 24 மீட்டர் உயரம்.

ஒவ்வொரு விமானமும் புறப்படும் முன்பு, அன்றைய வெப்பநிலை, காற்றழுத்தம், ரன்வே நீளம், எடை எல்லாவற்றையும் வைத்து இந்தக் கணக்கு போடப்படுகிறது. சுற்றிலும் மலை இருந்தால் 2.4 சதவீதம் மட்டும் போதாது, மலையையும் தாண்டும் அளவுக்கு வேண்டும். கணக்கு ஒத்துவரவில்லை என்றால் விமானம் கிளம்பாது.

லேவில் சிக்கியது இந்தக் கணக்குதான்.

லேவில் வெயில் செய்யும் வேலை

லே விமான நிலையம் கடல் மட்டத்திலிருந்து 10,682 அடி, அதாவது சுமார் 3,256 மீட்டர் உயரத்தில் உள்ளது. அங்கே காற்று இயல்பாகவே மெலிந்தது. லே போய் இறங்கியதும் பலருக்கு மூச்சு வாங்குவதும் தலைவலிப்பதும் இதனால்தான்.

விமான இன்ஜினும் காற்றைத்தான் சுவாசிக்கிறது. முன்பக்கம் காற்றை இழுத்து, பின்பக்கம் வேகமாகத் தள்ளுவதால் கிடைப்பதுதான் உந்துவிசை. காற்று மெலிந்தால் தள்ளுவதற்குக் கிடைக்கும் காற்றின் அளவும் குறையும். உந்துவிசையும் குறையும்.

இதில் வெயிலும் சேர்ந்தால்? சூடான காற்று விரிந்து இன்னும் மெலிந்துவிடும். அதோடு ஜெட் இன்ஜினுக்கு உள்வெப்ப வரம்பு ஒன்று இருக்கிறது. கடல் மட்டத்தில் பெரும்பாலான இன்ஜின்கள் சுமார் 30 டிகிரி வரை முழு உந்துவிசையைக் கொடுக்கும்படி வடிவமைக்கப்படுகின்றன. உயரமான இடங்களில் அந்த வரம்பு இன்னும் குறைந்த வெப்பநிலையிலேயே வந்துவிடும். அதைத் தாண்டினால், டர்பைன் சூடாகிச் சேதமாகாமல் இருக்க உந்துவிசையைக் குறைத்தாக வேண்டும்.

லே இருக்கும் உயரத்துக்கு, விமானவியலில் நிலையான வெப்பநிலையாக எடுத்துக்கொள்ளப்படுவது மைனஸ் 6 டிகிரி. அங்கே 35 டிகிரி அடித்தால் அது 40 டிகிரிக்கும் மேல் கூடுதல். அந்த வெப்பத்தில் லேவின் காற்று, கடல் மட்டத்தின் நிலையான காற்றைவிட சுமார் 37 சதவீதம் மெலிந்திருக்கும்.

பைலட்டுகள் இதை இன்னொரு விதமாகச் சொல்வார்கள். விமானம் நிற்பது 10,682 அடியில்தான். ஆனால் அந்த வெயிலில் அதன் இன்ஜினும் இறக்கையும் 15,000 அடி உயரத்தில் இருப்பதைப் போல நடந்துகொள்ளும். இதை 'அடர்த்தி உயரம்' என்கிறார்கள்.

டெல்லியோடு ஒப்பிட்டுப் பாருங்கள். 44 டிகிரி வெயிலில் டெல்லியின் அடர்த்தி உயரம் 4,000 அடியைச் சற்றுத் தாண்டும், அவ்வளவுதான். காற்று மெலிவது சுமார் 12 சதவீதம். டெல்லியில் தெர்மாமீட்டர் அதிகம் காட்டினாலும், விமானத்துக்குக் கஷ்டம் லேவில்தான்.

காற்று மெலிந்தால் தடையும் குறையுமே?

நியாயமான சந்தேகம். காற்றே குறைவு என்றால் காற்றுத்தடையும் குறைய வேண்டும்தானே?

குறையாது. காரணம், எடை குறையவில்லை. அதே 70 டன்னை மெலிந்த காற்றில் தாங்க வேண்டுமானால் விமானம் இன்னும் வேகமாகப் போக வேண்டும். லேவில் 35 டிகிரி வெயிலில், கடல் மட்டத்தைவிட சுமார் 26 சதவீதம் கூடுதல் வேகம் தேவை. கடல் மட்டத்தில் மணிக்கு 260 கிலோமீட்டர் வேகத்தில் தரையைவிட்டு எழும் விமானம், அங்கே கிட்டத்தட்ட 330 கிலோமீட்டர் வேகத்தை எட்ட வேண்டும். அந்த வேகத்தில் காற்றுத்தடை மறுபடியும் பழைய 6 டன்னுக்கே வந்துவிடும்.

சம்பளம் குறைகிறது, வீட்டுச் செலவு அப்படியே இருக்கிறது. அந்த வேகத்தை எட்ட ரன்வேயும் அதிகம் தேவைப்படுகிறது. அதுவும் குறைந்த உந்துவிசையோடு.

இப்போது பழைய கணக்கையே லேவுக்குப் போட்டுப் பார்ப்போம். ஒவ்வொரு இன்ஜினும் 10 டன்னுக்குப் பதில் 7 டன் கொடுக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் வேலை செய்யும்போது 14-ல் 6 போக மிச்சம் 8 டன். நன்றாகவே ஏறும்.

ஒன்று நின்றால்? 7-ல் 6 போக மிச்சம் 1 டன். 70-ஆல் வகுத்தால் 1.4 சதவீதம். விதி கேட்பது 2.4 சதவீதம். சுற்றிலும் இமயமலை. இந்த எடையோடு கிளம்ப முடியாது.

அப்போ என்ன வழி? எடையைக் குறைக்க வேண்டும். எடை குறைந்தால் தாங்க வேண்டிய பாரமும் குறையும், காற்றுத்தடையும் குறையும். இரட்டை லாபம். 63 டன்னாகக் குறைத்தால் தடை சுமார் 5.4 டன். மிச்சம் 1.6 டன். கோணம் 2.5 சதவீதம். தேர்வில் பாஸ்.

ஆனால் 7 டன் குறைப்பது என்றால் சும்மாவா? ஒரு பயணி, லக்கேஜ் எல்லாம் சேர்த்து 100 கிலோ என்றால் 70 பேரின் எடை அது.

நேரம் போகப் போக வெயில் ஏறி, இன்ஜினின் உந்துவிசை 7-லிருந்து 6.5 டன்னாகக் குறைகிறது என்று வைத்துக்கொள்வோம். அரை டன்தான். ஆனால் விதியைக் காப்பாற்ற எடையை 63-லிருந்து 59 டன்னுக்குக் கொண்டுவர வேண்டும். அரை டன் உந்துவிசை போனதற்கு 4 டன் பாரத்தை இறக்க வேண்டியிருக்கிறது. இன்னும் 40 பேர்.

இவை புரிந்துகொள்வதற்கான எண்கள்தான். நிஜத்தில் விமான மாடலுக்கு மாடல் மாறும். எரிபொருள் குறைவாக நிரப்பினால் பயணிகள் எண்ணிக்கையை ஓரளவு காப்பாற்றலாம். ஆனால் ஒரு கட்டத்துக்கு மேல் குறைக்க எதுவும் இருக்காது. அந்த நேரத்தில்தான் ஏர்லைன்ஸ் விமானத்தையே ரத்து செய்கிறது.

லேவுக்கு விமானங்கள் பெரும்பாலும் காலையிலேயே வந்துபோவதற்கும் இதில் ஒரு காரணம் இருக்கிறது. காலையில் காற்று குளிர்ந்து அடர்த்தியாக இருக்கும். மதியத்துக்கு மேல் வெயிலோடு பள்ளத்தாக்குக் காற்றும் பலமாக வீசத் தொடங்கிவிடும்.

அமெரிக்காவிலும் நடந்திருக்கிறது

வெயிலால் விமானம் நின்றது லேவில் மட்டுமல்ல. 2017 ஜூன் 20 அன்று அமெரிக்காவின் அரிசோனா மாகாணத்தில் உள்ள ஃபீனிக்ஸ் நகரில் சுமார் 48 டிகிரி வெயில் அடித்தது. 40-க்கும் மேற்பட்ட உள்ளூர் விமானங்கள் ரத்தாயின. அவற்றில் பெரும்பாலானவை பம்பார்டியர் சிஆர்ஜே வகைச் சிறிய ஜெட்கள். அவற்றுக்கு அனுமதிக்கப்பட்ட அதிகபட்ச வெப்பநிலை 48 டிகிரிக்குச் சற்றுக் கீழே. அதே விமான நிலையத்தில் இன்னும் கூடுதல் வெப்ப வரம்பு கொண்ட பெரிய ஏர்பஸ், போயிங் விமானங்கள் பறந்துகொண்டுதான் இருந்தன.

த்ரஸ்ட், பவர்: ரெண்டும் ஒண்ணுதானா?

இதுவரை உந்துவிசையைப் பற்றி மட்டுமே பேசினோம். 'பவர்' என்று ஒன்று அடிக்கடி காதில் விழுமே, அது வேறா? ஆம், வேறுதான்.

மலைப்பாதையில் போகும் பஸ்ஸை நினைத்துப் பாருங்கள். கொண்டை ஊசி வளைவில் டிரைவர் கியரைக் குறைக்கிறார். பஸ் மெதுவாகப் போகிறது, ஆனால் செங்குத்தான ஏற்றத்தையும் ஏறிவிடுகிறது. அதே பஸ் சாய்வு குறைவான, நீண்ட சாலையில் வேகமாகப் போனால், ஒரு மணி நேரத்தில் இன்னும் அதிக உயரத்தை எட்டியிருக்கலாம். எவ்வளவு செங்குத்து என்பது ஒரு கேள்வி. எவ்வளவு சீக்கிரம் என்பது வேறு கேள்வி.

விமானத்திலும் அப்படித்தான். எந்தக் கோணத்தில் ஏறும் என்பதைச் சொல்வது மிச்ச உந்துவிசை. ஒரு நிமிடத்தில் எத்தனை அடி ஏறும் என்பதைச் சொல்வது மிச்ச பவர். பவர் என்பது உந்துவிசையை வேகத்தால் பெருக்கினால் வருவது.

செஸ்னா 172 என்ற நான்கு சீட் பயிற்சி விமானத்தை எடுத்துக்கொள்வோம். உலகம் முழுக்கப் பைலட் மாணவர்கள் பழகும் விமானம் இது. இதன் 172எஸ் மாடலில் கடல் மட்டத்தில் செங்குத்தாக ஏறச் சிறந்த வேகம் 62 நாட். சீக்கிரம் உயரம் எட்டச் சிறந்த வேகம் 74 நாட். ரன்வே முடிவில் மரங்கள் இருந்தால் 62. தடை எதுவும் இல்லையென்றால் 74. பைலட் பயிற்சியின் ஆரம்பப் பாடங்களிலேயே இது வந்துவிடும்.

அந்த விமானத்தின் இன்ஜின் 180 குதிரைத்திறன். முழு எடை 1,157 கிலோ. கடல் மட்டத்தில் நிமிடத்துக்கு 730 அடி ஏறும். இதைக் கணக்கிட்டால் ஏறுவதற்காகச் செலவாகும் பவர் சுமார் 56 குதிரைத்திறன்தான். மீதி எல்லாம் புரொப்பல்லர் இழப்புக்கும், கீழே விழாமல் பறந்துகொண்டிருப்பதற்குமே சரியாகப் போய்விடுகிறது.

மெலிந்த காற்றில் உந்துவிசைக் கணக்கைவிட பவர் கணக்கு இன்னும் மோசமாகும். தடை அதேதான், ஆனால் வேகம் கூடிவிட்டது. இரண்டையும் பெருக்கினால் தேவைப்படும் பவரும் கூடிவிடும். அதாவது வரவு குறையும்போதே செலவும் ஏறுகிறது. செஸ்னாவில் இருப்பது போன்ற சாதாரண பிஸ்டன் இன்ஜின் இதில் சீக்கிரமே திணறிவிடும்.

172எஸ் விமானத்துக்கு அதன் தயாரிப்பாளர்கள் குறிப்பிடும் உச்ச உயரம் 14,000 அடி. அங்கே அதால் நிமிடத்துக்கு 100 அடிதான் ஏற முடியும். இப்போது லேவின் கணக்கை நினைவுபடுத்திப் பாருங்கள். 35 டிகிரி வெயிலில் லேவின் ரன்வேயே 15,000 அடிக்குச் சமம். முழு எடையோடு நிற்கும் செஸ்னாவுக்கு, தரையிலேயே உச்சவரம்பு முடிந்துவிட்டது.

மிச்சம் தீர்ந்துபோனால்?

விமான வரலாற்றில் இதற்கு வேதனையான பதில்கள் இருக்கின்றன.

1982 ஜனவரி 13. வாஷிங்டன் நகரில் கடும் பனி. ஏர் ஃபுளோரிடா நிறுவனத்தின் போயிங் 737 விமானம் டேக் ஆஃப் ஆனது. இன்ஜினில் பனி உறைவதைத் தடுக்கும் அமைப்பு ஆன் செய்யப்படவில்லை. இன்ஜினின் அழுத்தத்தை அளக்கும் குழாய் உறைந்துபோனதால், காக்பிட் மீட்டர் உண்மையைவிட அதிக உந்துவிசையைக் காட்டியது. மீட்டர் 2.04 என்று காட்டியபோது உண்மையான அளவு சுமார் 1.70.

அதோடு இறக்கையில் படிந்திருந்த பனி காற்றுத்தடையைக் கூட்டியது. சம்பளம் குறைவு, செலவு அதிகம், பாஸ்புக்கில் மட்டும் பணம் இருப்பதாகக் காட்டியது. சில நூறு அடி உயரம்கூட நிலைக்கவில்லை. விமானம் பாலம் ஒன்றில் மோதி போடோமாக் ஆற்றில் விழுந்தது. பாலத்தில் வாகனங்களில் இருந்த 4 பேர் உட்பட 78 பேர் உயிரிழந்தனர்.

இரண்டு இன்ஜின்களும் நன்றாகவே இயங்கிக்கொண்டிருந்தன. இன்னும் கொடுக்க அவற்றிடம் உந்துவிசை இருந்தது. அதை உரிய நேரத்தில் யாரும் கேட்கவில்லை என்பதுதான் சோகம்.

இரண்டாவது சம்பவம் வானத்தின் மறுமுனையில். 2004 அக்டோபர் 14 இரவு, பினாக்கிள் ஏர்லைன்ஸின் சிஆர்ஜே 200 ஜெட் விமானத்தைப் பயணிகள் இல்லாமல் இரண்டு பைலட்டுகள் மட்டும் ஓட்டிச் சென்றனர். அந்த விமானம் பறக்க அனுமதிக்கப்பட்ட உச்ச உயரம் 41,000 அடி. அதைத் தொட்டுப் பார்க்க வேண்டும் என்று அவர்களுக்கு ஆசை.

அந்த உயரத்தில் மிச்ச பவர் கிட்டத்தட்ட இல்லை. ஆனால் ஆட்டோபைலட்டில் 'நிமிடத்துக்கு இத்தனை அடி ஏறு' என்று கட்டளை கொடுத்துவிட்டார்கள். இன்ஜினிடம் மிச்சம் இல்லாதபோது விமானம் எங்கிருந்து ஏறும்? தன் வேகத்தைச் செலவழித்து ஏறும். சேமிப்பில் கைவைப்பது மாதிரி.

41,000 அடியை எட்டியது. ஆனால் வேகம் ஆபத்தான அளவுக்குக் குறைந்திருந்தது. இறக்கை தூக்குவிசையை இழந்து விமானம் சரிந்தது. காற்றோட்டம் குலைந்ததில் இரண்டு இன்ஜின்களும் அணைந்தன. மறுபடி ஸ்டார்ட் ஆகவில்லை. மிசௌரி மாகாணத்தின் ஜெஃபர்சன் சிட்டி அருகே விமானம் விழுந்து இரு பைலட்டுகளும் இறந்தனர்.

மூக்கை மேலே தூக்கினால் விமானம் ஏறும் என்று தோன்றும். கொஞ்ச நேரம் ஏறவும் செய்யும். ஆனால் பின்னால் மிச்ச பவர் இல்லையென்றால், அது கடன் வாங்கி ஏறும் உயரம்தான்.

பயணிகள் கவனிக்கக்கூடிய விஷயங்கள்

டேக் ஆஃப் ஆன ஒரு நிமிடத்துக்குள் இன்ஜின் சத்தம் சட்டென்று குறையும். முதல்முறை பறப்பவர்களுக்கு 'இன்ஜின் நின்னுடுச்சோ' என்று நெஞ்சு படபடக்கும். பயப்படத் தேவையில்லை. ஆபத்தான ஆரம்ப உயரத்தைத் தாண்டிய பிறகு, இன்ஜினுக்குச் சுமை கொடுக்காமல் இருக்க பைலட்டுகள் உந்துவிசையைக் குறைக்கிறார்கள். ஏறுவதற்குத் தேவையான மிச்சம் அப்போதும் தாராளமாக இருக்கும்.

நீண்ட தூர விமானங்களில், சில மணி நேரம் கழித்து விமானம் மறுபடியும் சில ஆயிரம் அடி மேலே ஏறுவதைத் திரையில் பார்த்திருப்பீர்கள். புறப்படும்போது எரிபொருள் பாரத்தால் அவ்வளவு உயரத்துக்குப் போக மிச்ச உந்துவிசை போதாது. எரிபொருள் தீரத் தீர எடை குறைகிறது, மிச்சம் கூடுகிறது. மேலே போனால் எரிபொருளும் மிச்சமாகும் என்பதால் படிப்படியாக ஏறுகிறார்கள்.

மலைப்பகுதி விமான நிலையத்தில் "லக்கேஜ் அடுத்த விமானத்தில் வரும்" என்றோ, "சில பயணிகள் இறங்க வேண்டும்" என்றோ சொன்னால் எரிச்சலாகத்தான் இருக்கும். லேவில் அன்று மணிக்கணக்கில் காத்திருந்தவர்களின் கோபமும் நியாயமானதுதான். விமானம் ரத்தானால் மாற்று ஏற்பாடு என்ன, பணம் எப்போது திரும்ப வரும் என்று ஏர்லைன்ஸிடம் கேளுங்கள்.

ஆனால் "கொஞ்சம் வெயிலுக்குப் போய் ரத்து பண்றாங்களே" என்று மட்டும் நினைக்காதீர்கள். இரண்டு இன்ஜின்களும் ஓடினால் அந்த விமானம் அன்றும் ஏறியிருக்கும். ஒன்று நின்றால் எதிரே இருக்கும் மலையைத் தாண்டுமா என்பதுதான் பைலட்டின் கணக்கு. அன்றைய வெயிலில் அந்தக் கணக்குக்கு 'ஆம்' என்ற பதில் வரவில்லை.